தலைவரின் மனத்தை எட்ட நின்று எடைபோட முடியுமா?

என்னிடம் வந்த கேள்வி இது: "ஒரு நாட்டுத் தலைவர் பேசுவதையும் நடந்துகொள்வதையும் பார்த்தால் அவருக்கு ஏதோ மனக்கோளாறு இருப்பதாகவே தோன்றுகிறது. மனநல மருத்துவர்கள் ஏன் அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை? ஒருவர் பதவிக்குத் தகுதியானவர்தானா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?"

எந்தத் தலைவர் என்று கேட்டவர் சொல்லவில்லை. அதுவும் நல்லதுதான். பெயர் வந்துவிட்டால் பாதிப் பேர் பதிலைப் படிப்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுவார்கள். மனநல மருத்துவத்தில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மருத்துவர்கள் வாய் திறக்காததற்குப் பின்னால் ஒரு பழைய சூடு இருக்கிறது. 1964இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் பேரி கோல்ட்வாட்டர் நின்றார். 'ஃபேக்ட்' என்ற பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி, இவர் அதிபராக இருக்க மனத்தகுதி உடையவரா என்று கேட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். தகுதியற்றவர் என்றவர்கள் 1,189 பேர். தகுதியானவர் என்றவர்கள் 657 பேர். சொல்லும் அளவுக்குத் தெரியாது என்று நேர்மையாக ஒதுங்கிக்கொண்டவர்கள் 571 பேர். பத்திரிகை அந்த 1,189ஐ அட்டையிலேயே போட்டது. சில பதில்களைப் படித்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒருமுறைகூட நேரில் பார்க்காத மனிதருக்கு மனச்சிதைவு என்று எழுதியவர்கள் உண்டு. ஹிட்லரோடு ஒப்பிட்டவர்களும் உண்டு. கோல்ட்வாட்டர் தேர்தலில் தோற்றார், ஆனால் அவதூறு வழக்கில் வென்றார். உண்மையான இழப்பீடாக 1 டாலர், தண்டனையாக 75,000 டாலர் என்று தீர்ப்பானது. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நெறிமுறைகளில் ஒரு விதியைச் சேர்த்தது. நேரில் பரிசோதிக்காமலும் உரியவரின் அனுமதி பெறாமலும் ஒரு பொதுமனிதரைப் பற்றித் தொழில்முறைக் கருத்து சொல்வது தவறு என்கிறது அது. கோல்ட்வாட்டர் விதி என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோல்ட்வாட்டர் வந்தால் போர் மூளும் என்று அஞ்சியே பலர் அப்படி எழுதினார்கள். அவரைத் தோற்கடித்து வந்த லிண்டன் ஜான்சன்தான் அடுத்த ஆண்டே வியட்நாமுக்குப் பெரும் படையை அனுப்பினார்.

இந்த விதி மருத்துவர்களின் வாயைக் கட்டுகிறது என்று குறைசொல்பவர்கள் என் துறையிலேயே இருக்கிறார்கள். ஆபத்து தெரிந்தும் எச்சரிக்காமல் இருப்பது கடமை தவறுவது ஆகாதா என்பது அவர்களுடைய கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நான் விதியின் பக்கம்தான். காரணம் என் சொந்த அனுபவம். என் ஆரம்பக் காலத்தில் ஒரு முதியவரைப் பற்றி அவருடைய உறவினர்கள் வந்து பக்கம் பக்கமாகச் சொன்னார்கள். எல்லோரும் தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்கிறார், சாப்பாட்டைக்கூடச் சந்தேகப்படுகிறார், பெட்டியைப் பூட்டிக்கொண்டே தூங்குகிறார் என்றார்கள். சந்தேக நோய் என்று மனத்துக்குள் எழுதியே முடித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து முதியவரோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். உண்மையிலேயே அவருடைய சொத்தை எழுதி வாங்கத்தான் அவர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து வந்த தகவலே என்னை அந்த அளவுக்குத் திசைதிருப்பியது என்றால், கேமராவுக்கு முன்னால் பிறர் எழுதிக்கொடுத்த உரையை வாசிக்கும் ஒருவரைப் பற்றி நான் என்ன சொல்லிவிட முடியும்?

ஆனால் பதிலின் முக்கியமான பகுதி இது இல்லை. எட்ட நின்று நோயைக் கண்டுபிடித்துவிட முடியும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்காது. நோய் என்பது ஒன்று. பதவிக்குத் தகுதியின்மை என்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்கிறது.

1972ஆம் ஆண்டுத் தேர்தல் ஒன்றே இதற்குப் போதும். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன், துணை அதிபர் வேட்பாளராக தாமஸ் ஈகிள்டனைத் தேர்ந்தெடுத்தார். 1960களில் ஈகிள்டன் மனச்சோர்வுக்காக மூன்று முறை மருத்துவமனையில் இருந்தவர், மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றவர் என்ற செய்தி வெளியே வந்தது. பதினெட்டே நாளில் அவர் விலக வேண்டியதாயிற்று. அதே தேர்தலில் 50 மாநிலங்களில் 49ஐ வென்றவர் ரிச்சர்ட் நிக்சன். அவர் மீது எந்த நோயின் பெயரும் ஒட்டப்படவில்லை. எதிரிகள் என்று ஒரு பட்டியலையே வைத்திருந்த வெள்ளை மாளிகை அவருடையது. வாட்டர்கேட் கட்டடத்தில் தம் ஆட்கள் செய்த திருட்டு நுழைவை மூடிமறைக்கத் துணைபோய், 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். ஈகிள்டனோ 1987 வரை செனட்டராக இருந்து நல்ல பெயரோடு ஓய்வு பெற்றார். மருத்துவக் கோப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் நாம் எதைக் கோட்டைவிட்டிருப்போம் என்று பாருங்கள்.

நார்வேயின் பிரதமராக இருந்த ஹெல் மாக்னே பூன்டெவிக் 1998இல் தனக்கு மனச்சோர்வு வந்திருக்கிறது என்று நாட்டுக்கே அறிவித்து மூன்று வாரங்களுக்கு மேல் விடுப்பில் போனார். திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். 2001இல் மறுபடியும் பிரதமரானார். ஆபிரகாம் லிங்கன் இளமையில் ஒரு கட்டத்தில் இருந்த நிலையைப் பார்த்து, நண்பர்கள் கத்தி முதலியவற்றை அவர் கைக்கு எட்டாமல் வைத்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர்கள் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1776 முதல் 1974 வரையிலான 37 அமெரிக்க அதிபர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை அலசியதில் 18 பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனநலக் கோளாறு இருந்திருக்கலாம் என்றார்கள். ஏறக்குறைய பாதி! இதுவும் எட்ட நின்று செய்த கணிப்புத்தான், ஆகவே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் நான் ஏற்கிறேன். ஆனாலும் நோயுள்ளவர்களையெல்லாம் விலக்கினால் வரலாற்றில் நாற்காலிகள் பாதி காலியாகிவிடும் என்பது புரிகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கொடூரமாகவும் பொய்யாகவும் நடந்துகொள்வதற்கு நோய் எதுவும் தேவையில்லை. அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் நான்காம் பதிப்பைத் தயாரித்த குழுவின் தலைவர் ஆலன் ஃபிரான்சிஸ். சுயமோக ஆளுமைக் கோளாறுக்கான, அதாவது தன்னைத்தானே அளவுக்கு மீறி வியந்துகொள்ளும் கோளாறுக்கான, அளவுகோல்களை எழுதியவர்களில் ஒருவர். 2017இல் டொனால்ட் டிரம்புக்கு அந்தக் கோளாறு இருப்பதாகப் பலர் சொன்னபோது, அவருடைய அரசியலைக் கடுமையாக எதிர்த்த ஃபிரான்சிஸே அதை மறுத்தார். கோளாறு என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் குணத்தால் அவருக்கே துன்பமோ செயலிழப்போ இருக்க வேண்டும். குணம் மட்டும் போதாது என்பது அவர் வாதம். கெட்ட நடத்தையை நோய் என்று அழைப்பது உண்மையில் நோயால் வாடுகிறவர்களை அவமதிப்பது என்றும் சொன்னார். என் வெளிநோயாளிகள் பகுதிக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு நினைக்காத, தங்களையே வருத்திக்கொள்கிற மனிதர்கள். ஆகவே இந்த வாதம் எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை.

பைத்தியக்காரப் பட்டம் ஓர் ஆயுதமும்கூட. 1886 ஜூனில் பவேரியாவின் அரசர் இரண்டாம் லுட்விக்கை ஆள முடியாதவர் என்று நான்கு மருத்துவர்கள் சான்றளித்தார்கள். அவரைப் பரிசோதிக்காமலேயே, வேலைக்காரர்களும் பிறரும் கொடுத்த வாக்குமூலங்களைக் கொண்டு எழுதினார்கள். சில நாட்களில் அரசரும், அந்த அறிக்கைக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் குடனும் ஓர் ஏரியில் பிணமாகக் கிடந்தார்கள். என்ன நடந்தது என்பது இன்றுவரை தீரவில்லை. சோவியத் ஒன்றியத்தில் ஆட்சியை விமர்சித்தவர்களுக்கு 'மந்தகதி மனச்சிதைவு' என்று ஒரு நோயையே ஒட்டிவைத்து மருத்துவமனைகளில் அடைத்தார்கள். ஈக்வடாரில் 1997 பிப்ரவரியில் அதிபர் அப்தலா புக்காரமை, மனத்தகுதி இழந்தவர் என்று நாடாளுமன்றம் 44க்கு 34 என்ற வாக்கில் நீக்கியது. ஒரு மருத்துவர்கூட அவரைப் பார்க்கவில்லை. குற்றம் சாட்டி நீக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், மனத்தகுதி என்றால் சாதாரணப் பெரும்பான்மை போதும். இதுதான் அந்த 'நோயறிதலின்' ரகசியம். புக்காரம் ஊழலுக்கும் கோமாளித்தனத்துக்கும் பேர்போனவர், தன்னைத்தானே 'பைத்தியக்காரன்' என்று மேடையில் அழைத்துக்கொண்டவர் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் எட்ட நின்று ஒன்றுமே சொல்ல முடியாதா? முடியும். ஆனால் கேள்வியை மாற்ற வேண்டும். 'இவருக்கு என்ன நோய்?' என்பதை விட்டுவிட்டு, 'இன்ன சூழ்நிலையில் இவர் என்ன செய்வார்?' என்று கேட்டால் தூரத்திலிருந்தும் ஓரளவு விடை கிடைக்கிறது. 1943இல் அமெரிக்க உளவுத்துறைக்காக வால்டர் லாங்கர் என்ற உளப்பகுப்பாய்வாளர் ஹிட்லரைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். ஹிட்லரை நேரில் அறிந்தவர்களைத் தேடிப் பேசி, எழுத்துகளையெல்லாம் திரட்டி எழுதியது. அதிலுள்ள பால்யகால ஆராய்ச்சிகளில் பல இன்று நிற்காது. ஆனால் தோல்வி உறுதியானால் அவர் தற்கொலை செய்துகொள்வதே மிகவும் சாத்தியம் என்ற கணிப்பு 1945 ஏப்ரலில் பலித்தது. 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட் சமாதானப் பேச்சுவார்த்தைக்கு முன் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் இஸ்ரேல் பிரதமர் பெகின், எகிப்து அதிபர் சாதத் இருவருடைய மன இயல்புகள் பற்றியும் விரிவான குறிப்புகளைத் தயாரிக்கச் சொல்லிப் படித்தார். பெகின் சொல்லுக்குச் சொல் பிடித்துத் தொங்குபவர், சாதத் பெரிய சித்திரத்தைப் பார்ப்பவர் என்று தெரிந்துகொண்டு இருவரிடமும் வெவ்வேறு விதமாகப் பேசினார். அங்கே யாரும் யாருக்கும் நோய்ப் பெயர் வைக்கவில்லை.

அரசியல் அறிஞர் ஜேம்ஸ் டேவிட் பார்பர் வாட்டர்கேட்டுக்கு முன்பே நிக்சனைப் பற்றி எச்சரித்தார். கடுமையாக உழைப்பார், ஆனால் உழைப்பில் மகிழ்ச்சி காணமாட்டார். மூலையில் தள்ளப்பட்டால் வளையாமல் இறுகிக்கொள்வார் என்றார். இதற்கு அவர் ஆதாரமாகக் கொண்டது நிக்சனின் முந்தைய அரசியல் வாழ்க்கை முழுவதும் திரும்பத் திரும்பத் தெரிந்த நடத்தையை. நீங்களும் நானும் செய்யக்கூடியது இதுதான். ஒருவருடைய இருபது ஆண்டுச் செயல்கள் நேற்றைய பேச்சைவிட நூறு மடங்கு பேசும்.

செயல்களில் எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது, தவறு செய்தபின் ஒருவர் என்ன செய்கிறார் என்பதை. 1961 ஏப்ரலில் அமெரிக்கா பின்னின்று நடத்திய, கியூபாவின் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு கேவலமாகத் தோற்றது. அதிபர் கென்னடியைச் சுற்றியிருந்தவர்கள் சந்தேகங்களை விழுங்கிக்கொண்டு தலையாட்டியிருந்தார்கள். கென்னடி பொறுப்பைத் தானே ஏற்றார். பிறகு முடிவெடுக்கும் முறையையே மாற்றினார். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து பதின்மூன்று நாள் நெருக்கடி வந்தபோது, தான் இருந்தால் மற்றவர்கள் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள் என்று சில ஆலோசனைக் கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தார். எல்லாத் திட்டங்களையும் எதிர்த்துக் கேள்வி கேட்பதையே சிலருடைய வேலையாக வைத்தார். இத்தனைக்கும் அவர் அடிசன் நோயை (அட்ரினல் சுரப்பிகளின் குறைபாட்டை) வாக்காளர்களிடம் மறைத்தவர். மருந்துகளின் பட்டியல் நீளமானது. உடல்நலச் சான்றிதழை மட்டும் பார்த்திருந்தால் தேறியிருக்கமாட்டார். அந்தப் பதின்மூன்று நாட்களில் உலகுக்குத் தேவைப்பட்டது, பதினெட்டு மாதம் முன்பு பட்ட அடியிலிருந்து கற்றுக்கொண்ட ஒருவர்.

அடுத்ததாக, அருகில் இருப்பவர்களைப் பாருங்கள். இடித்துச் சொல்லக்கூடியவர்கள் ஐந்தாண்டுக்குப் பிறகும் இருக்கிறார்களா? கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு என்ன ஆனது? பதவி விலகியவர்கள், நீக்கப்பட்டவர்கள் பட்டியலை எடுத்து, அவர்கள் கடைசியாக எதைப் பற்றிக் கருத்து வேறுபட்டார்கள் என்று பார்த்தாலே போதும். இதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம். பழைய செய்தித்தாள்கள் போதும். பிரிட்டனில் வெளியுறவு அமைச்சராக இருந்த டேவிட் ஓவன் அடிப்படையில் மருத்துவர். 2009இல் ஜோனதன் டேவிட்சன் என்ற மனநல மருத்துவரோடு சேர்ந்து, பதவி ஏறியபின் உண்டாகிற 'செருக்கு' நிலை ஒன்றை விவரித்தார். அளவு மீறிய தன்னம்பிக்கை, பிறர் ஆலோசனை மீது இளக்காரம், தன்னையும் நாட்டையும் ஒன்றாகக் காண்பது, வரலாறோ கடவுளோ மட்டுமே தன்னை விசாரிக்க முடியும் என்ற நினைப்பு என்று பதினான்கு அறிகுறிகளைச் சொன்னார்கள். இது நோயா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பழைய தலைக்கனத்துக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள் என்று கிண்டலடித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவர்கள் சொன்ன ஒன்று முக்கியமானது. இது பதவியால் வருவது, பதவி போனால் பெரும்பாலும் தணிவது. ஆகவே தேர்ந்தெடுத்த நாளில் செய்த மதிப்பீடு எட்டாம் ஆண்டில் செல்லாது.

சுயமோகம் பற்றியும் ஒரு வார்த்தை. அது இருந்தாலே தகுதியில்லை என்று நினைக்க வேண்டாம். 2013இல் 42 அமெரிக்க அதிபர்களை வைத்துச் செய்த ஆய்வில், பகட்டான சுயமோகம் கூடுதலாக உள்ளவர்களை வரலாற்றாசிரியர்கள் உயர்வாகவும் மதிப்பிட்டிருந்தார்கள். நெறிபிறழ்ந்த நடத்தையும் அவர்களிடம் அதிகமாகவே இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் நின்று 'என்னால் முடியும்' என்று சொல்ல ஓரளவு அந்த மசாலா தேவைப்படுகிறது போலும். சூழலும் சேர்ந்துதான் தகுதியைத் தீர்மானிக்கிறது. 1940இல் பிரிட்டனுக்குச் சர்ச்சில் தேவைப்பட்டார். 1945 ஜூலையில் அதே மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூளையின் தளர்ச்சி மட்டும் தனிக் கணக்கு. இங்கே மருத்துவத்துக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. 2018இல் டிரம்ப் மாண்ட்ரியால் அறிவுத்திறன் சோதனையில் 30க்கு 30 பெற்றார் என்று அறிவித்தார்கள். 2024இல் பைடன் விவாத மேடையில் தடுமாறியபின் அவருக்கும் அப்படி ஒரு சோதனை வேண்டும் என்றார்கள். அந்தச் சோதனையில் கடிகாரம் வரைய வேண்டும், படத்திலுள்ள விலங்குகளின் பெயர் சொல்ல வேண்டும், ஐந்து சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். மறதிநோயின் தொடக்கத்தைச் சல்லடை போட்டுப் பார்க்க நல்ல கருவி. நிதானம், மனசாட்சி, விவேகம் ஆகியவற்றை அது தொடுவதே இல்லை. மூளையின் முன்மடல் பாதிக்கப்பட்ட சிலர் இத்தகைய சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, வெளியே போய் சேமிப்பு முழுவதையும் யாருக்கோ எழுதிக்கொடுத்துவிடுவார்கள். அந்த நோயாளிகளின் குடும்பத்தாரிடம் நாங்கள் கேட்பது ஒன்றைத்தான்: முன்பு இருந்த மாதிரி இருக்கிறாரா? தலைவர்களுக்கும் அதுவே சரியான அளவுகோல். பத்து ஆண்டுக்கு முந்தைய தயாரிக்கப்படாத பேட்டியையும் இன்றைய பேட்டியையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மற்றவர்களோடு ஒப்பிடாதீர்கள், அவரை அவரோடு ஒப்பிடுங்கள்.

மறைக்க நினைத்தால் எவ்வளவு மறைக்கலாம் என்பதற்கு அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சாட்சி. 1919 அக்டோபரில் கடுமையான பக்கவாதம் வந்தபின் மாதக்கணக்கில் அவரை அமைச்சர்கள்கூடப் பார்க்க முடியவில்லை. எந்தக் கோப்பு உள்ளே போக வேண்டும் என்பதை மனைவி ஈடித் முடிவுசெய்தார். வில்சன் இல்லாமல் அமைச்சரவையைக் கூட்டிய வெளியுறவு அமைச்சர் லான்சிங்குக்குக் கிடைத்தது பதவி இழப்பு. பிரான்சில் அதிபர் மித்தரான் 1981இல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல்நல அறிக்கை வெளியிடுவேன் என்று வாக்களித்தார். அந்த ஆண்டே புற்றுநோய் தெரியவந்தது. அறிக்கைகள் தவறாமல் வந்தன, பொய்யாக. 1992இல்தான் நாட்டுக்கு உண்மை தெரிந்தது.

நம்முடைய கண்ணாடியையும் துடைக்க வேண்டும். நமக்குப் பிடிக்காதவர் கோபப்பட்டால் வெறி, பிடித்தவர் கோபப்பட்டால் ரௌத்திரம். நான் கடைப்பிடிக்கும் ஒரு தந்திரம் இது: பெயரை மறைத்துவிட்டு, செய்த செயலை மட்டும் ஒரு தாளில் எழுதி, எதிர்க்கட்சிக்காரர் செய்ததாக நினைத்துப் படிப்பேன். பல முறை வெட்கப்பட்டிருக்கிறேன். தன்னையே இப்படி எழுதிப் பார்த்த தலைவர் ஒருவர் உண்டு. 1937 நவம்பரில் கல்கத்தாவின் மாடர்ன் ரிவ்யூ பத்திரிகையில் 'சாணக்கியா' என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது. ஜவாஹர்லால் நேருவிடம் சர்வாதிகாரி ஆகக்கூடிய குணங்கள் எல்லாம் இருக்கின்றன, அவரை மீண்டும் காங்கிரஸ் தலைவராக்காதீர்கள் என்றது அது. எழுதியவர் நேருதான்.

தலைவர்களுக்கு மனப்பரிசோதனையைக் கட்டாயமாக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மூளைத்தளர்ச்சிக்கான பரிசோதனை என்றால், குறிப்பிட்ட வயதுக்கு மேல் எல்லா வேட்பாளர்களுக்கும் பொதுவாக என்றால், நான் சரி என்பேன். குணத்துக்கான பரிசோதனை என்றால் கூடாது; அது வாக்காளர்கள் செய்ய வேண்டிய வேலை. 1967இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசமைப்பின் 25ஆம் திருத்தம், அதிபர் கடமையாற்ற இயலாதவர் என்று அறிவிக்கும் உரிமையைத் துணை அதிபருக்கும் அமைச்சரவைப் பெரும்பான்மைக்கும் தருகிறது. அதிபர் மறுத்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மருத்துவர் என்ற சொல்லே அதில் இல்லை. அந்தப் பிரிவு இதுவரை பயன்படுத்தப்பட்டதும் இல்லை. பூட்டு இவ்வளவு கனமாக இருப்பது குறை என்று நான் நினைக்கவில்லை. பரிசோதனைக் குழு எதுவானாலும், அதை நியமிக்கும் அதிகாரம் அந்தத் தலைவரிடமும் இருக்கக் கூடாது, அவர் இடத்துக்கு வரக்கூடியவரிடமும் இருக்கக் கூடாது. துனிசியாவில் 1987 நவம்பரில் 84 வயது அதிபர் பூர்கிபா ஆள இயலாதவர் என்று ஏழு மருத்துவர்கள் இரவோடிரவாகக் கையெழுத்திட்டார்கள். அவர்களை அழைத்த பிரதமர் பென் அலி விடிந்ததும் அதிபரானார். பூர்கிபா அதன்பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். பென் அலி 2011 வரை நாற்காலியை விடவில்லை.